மேளத்தின் பெயர்: யாழ்ப்பாணத்தில் கலை கூட்டிவைத்த சந்திப்புகள்

வட்டுக்கோட்டையான்:

2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசை விழா நடந்தபோது மேடைக்குப் பின்னால் தொண்டனாக நின்றேன். போர் முடிந்து இரண்டு ஆண்டு நிறையவில்லை. சீருடையைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எங்களை விட்டுப் போகாத காலம். கூத்தில் மத்தளம் அடிக்கும் என் பெரியப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு விழாவில் நம்பிக்கையே இல்லை. "ஆடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நாங்கள் இங்கேயே கிடப்போம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தெற்கிலிருந்து வந்த முதிய கலைஞர் ஒருவர் மர நிழலில் உட்கார்ந்து தன் மேளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா அருகில் போய் நின்றவர் நகரவே இல்லை. எங்கள் மத்தளத்தின் உடன்பிறப்புப் போல இருந்தது அது. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அதன் பெயரைக் கேட்டேன். "தெமள பெர" என்றார். தமிழ் மேளம் என்று பொருள். பெரியப்பாவிடம் சொன்னபோது, நான் விளையாடுகிறேனோ என்று என் முகத்தையே பார்த்தார்.

சிங்களவரின் 'நாடகம' என்ற மேடைக்கலை நம் கூத்திலிருந்து, கத்தோலிக்கர் வாழும் மேற்குக் கரை வழியாகத் தெற்கே போய் வளர்ந்தது. படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. பெரியப்பாவுக்கு அன்றுதான் கைக்குத் தெரிந்தது. மேளத்தை மடியில் வாங்கி, இரண்டு பக்கமும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாளக்கட்டை அடித்து "ததிங்கிணதோம்" என்று முடித்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த முதியவரின் கை, அந்தத் 'தோம்' விழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு அவர் வாங்கி அடித்தார். அவர் பெயரை இரண்டு முறை அழைத்த பிறகுதான் எழுந்து மேடைக்குப் போனார்.

புல்லுக்குளத்தடி:

அண்ணா, இதை வாசித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீடு யாழ் பொது நூலகத்துக்குக் கிட்ட. 1981 மே 31 இரவு நூலகம் எரிந்தபோது அம்மாவுக்கு 16 வயது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் என்று எல்லோரும் கணக்குச் சொல்வார்கள். அம்மா சொல்வது காற்றோடு வந்து முற்றத்தில் விழுந்த கரிந்த தாள்களைப் பற்றி. கறுத்த தாளிலும் எழுத்து தெரியும், கை பட்டால் பொடிந்துவிடும் என்பார்.

1990களின் பிற்பகுதியில் அரசு நாடெங்கும் புத்தகமும் செங்கல்லும் திரட்டி நூலகத்தைத் திருப்பிக் கட்ட முனைந்தது. மனம் வைத்துக் கொடுத்த சிங்கள மக்கள் இருந்தார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எரிந்த சுவரை நினைவுச்சின்னமாக விட்டுவிட்டுப் புதிதாக வேறொன்று கட்டுங்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். என் மனம் அவர்கள் பக்கம். வெள்ளை பூசிய பிறகு, வருகிறவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் குருநாகலிலிருந்து வந்த ஒரு மாணவி, வாசலில் சரஸ்வதி சிலையருகே நின்று என்னிடம் கேட்டாள்: "அழகான கட்டடம், எப்போது கட்டினார்கள்?" 1959இல் திறந்தது என்றேன். "இவ்வளவு பழையதா? புதிதாக இருக்கிறதே" என்றாள். 81ஐச் சொன்னேன். அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிறிது நேரம் கழித்து, "உங்கள் அம்மாவைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தாள். அம்மா முதலில் தேநீர் போட்டார், பிறகு முற்றத்தைக் காட்டினார். நான் பெயர்த்துச் சொன்னேன். நூலகத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகளுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பின்னேரத்தைப் போல எதுவும் என் மனத்தில் தங்கவில்லை.

கொழும்புத்துறை:

நூலகத்துக்கு அருகிலேயே இந்தியா கட்டித் தந்த பண்பாட்டு மையம், 11 மாடி, 2023இல் மக்களுக்குத் திறந்தது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரை வைத்தார்கள், ஊரின் பெயரை விட்டுவிட்டார்கள். வள்ளுவர் மீது எங்களில் யாருக்குக் குறை? ஊரைக் கேட்காமல் செய்ததுதான் சுட்டது. எதிர்ப்புக்குப் பிறகு 'யாழ்ப்பாணம்' முன்னால் வந்து சேர்ந்தது. இணக்கத்துக்காகக் கட்டுகிறவர்கள் முதலில் அங்கே வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும்.

வட்டுக்கோட்டையான், உங்கள் பெரியப்பா அந்த முதியவரை மறுபடி சந்தித்தாரா?

வட்டுக்கோட்டையான்:

சந்தித்தார். அடுத்த ஆண்டு காலியில் இதே போன்ற விழா நடந்தது. பெரியப்பா ஓலைப் பெட்டி நிறையப் பனங்கட்டியோடு இரவு பஸ் ஏறினார், நானும் கூடப் போனேன். காலி பஸ் நிலையத்தில் அந்த முதியவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார், தோளில் மேளத்தோடு.