ஒன்ராறியோ ஏரி ட்ரோலிங் (படகை ஓட்டியபடி தூண்டிலை இழுத்து மீன் பிடித்தல்): கிழக்கே போனால் மீன் அடிக்குது, மேற்கே திரும்பினால் ஒன்றுமில்லை. தூண்டில் நரம்பும் முறுக்குது

ப்ளஃப்_படகு:
வணக்கம். ஸ்காபரோ ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து 19 அடிப் படகு. இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு தூண்டில். குறி சினூக் சால்மன்.

டவுன்ரிகர் (குண்டைக் கேபிளில் இறக்கித் தூண்டிலை ஆழத்தில் நிறுத்தும் கருவி) இரண்டு, 8 இறாத்தல் குண்டு, 20 இறாத்தல் தாங்கும் நரம்பு. ஒன்றில் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை). மற்றதில் 8 அங்குல ஃபிளாஷர் (சுழன்று மினுங்கும் தகடு), அதற்குப் பின்னால் 40 அங்குலம் விட்டு ஃப்ளை என்ற செயற்கை இரை (இடையில் உள்ள லீடர் நரம்பு 20 இறாத்தல்). கூடவே டிப்ஸி டைவர் (நூலை ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் இழுக்கும் தட்டு) இரண்டு, 30 இறாத்தல் பிரெய்டில் (பின்னல் நூல்), இரண்டும் 0 செட்டிங்.

தண்ணீர் 120 அடி. ஃபிஷ் ஃபைண்டரில் மீன் 55 முதல் 65 அடிக்குள் நிற்கிறது. டவுன்ரிகர் கவுண்டரில் (விட்ட கேபிளின் நீளத்தைக் காட்டுவது) 60 வைத்திருக்கிறோம். ஜிபிஎஸ் வேகம் இரு திசையிலும் மணிக்கு 2.5 மைல்தான்.

கிழக்கே ஓடும்போது மட்டும் மீனின் அடி விழுகிறது. இரண்டு மணி நேரத்தில் ஸ்பூன் நரம்பு சுருள் சுருளாக முறுக்கிவிடுகிறது. திரும்பும்போது டைவர் நூல் டவுன்ரிகர் கேபிளில் சிக்குகிறது. எங்கே பிழை?

தங்கூசி:
ஜிபிஎஸ்ஸை ஒரு பக்கம் வையுங்கோ. அது தரைக்கு மேலே படகு போகும் வேகம். ஸ்பூனுக்குத் தெரிந்தது தண்ணீருக்குள் அது இழுபடும் வேகம் மட்டும்தான். டவுன்ரிகர் கேபிள் செங்குத்திலிருந்து எத்தனை பாகை பின்னால் சாய்கிறது? போனில் இருக்கும் லெவல் ஆப்பைக் கேபிளோடு ஒட்டிப் பிடித்தால் தெரியும். இரண்டு திசையிலும் பார்த்துச் சொல்லுங்கோ.

ப்ளஃப்_படகு:
கிழக்கே 17. மேற்கே 35.

தங்கூசி:
அப்ப விஷயம் முடிஞ்சுது. தண்ணீர் கிழக்கு நோக்கி ஓடுது. நீரோட்டம் மணிக்கு அரை மைல் என்று வைத்தால், கிழக்கே போகும்போது ஸ்பூனுக்கு 2.0, மேற்கே 3.0. வேகம் ஒன்றரை மடங்கானால் இழுவிசை இரண்டேகால் மடங்காகும். 17 பாகை 35 ஆனதுக்குக் கணக்கு சரியாகவே பொருந்துது.

இதில் உங்களுக்கு இரண்டு நட்டம். கவுண்டர் 60 காட்டினாலும் 35 பாகைச் சாய்வில் குண்டு நிற்பது ஏறக்குறைய 49 அடியில். 17 பாகையில் 57. (கேபிள் வளைந்துதான் போகும், மேல்முனையில் சாய்வு கூட. அதால் உண்மையான ஆழம் இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்.) சினூக் விரும்புவது 10 முதல் 13 பாகை செல்சியஸ் தண்ணீர். கோடையில் பத்தடி ஏறினாலே குளிர்ப் படலத்தைத் தாண்டி வெதுவெதுப்பான தண்ணீருக்குள் போய்விடலாம். மீன் அங்கே ஏறி வராது. இரண்டாவது நட்டம்: 3 மைலில் சில ஸ்பூன்கள் ஆடாது, பம்பரம்போல முழுச்சுற்று சுற்றும். உங்கள் முறுக்கு அங்கிருந்துதான் வருது.

மேற்கே திரும்பினதும் கேபிள் 17 பாகைக்கு வரும்வரை இயந்திரத்தைக் குறையுங்கோ. ஜிபிஎஸ் 1.5 என்று காட்டும், பயப்பட வேண்டாம். 12 இறாத்தல் குண்டுக்கு மாறினால் சாய்வு இன்னும் குறையும். டவுன்ரிகரும் அது பூட்டிய தளமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்கவும்.

ஈயக்குண்டு:
முறுக்கு பற்றி ஒரு சேர்க்கை. ஸ்பூனை மாட்டியதும் படகோரமாக ஆறடி நரம்பில் விட்டு, ஓடும் வேகத்திலேயே பாருங்க. இடமும் வலமும் வாலாட்டணும். ஒரே ஒரு தடவை குப்புற விழுந்து சுற்றினாலும் வேகத்தைக் குறைங்க, இல்லை ஸ்பூனை மாத்துங்க. ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு) பால் பேரிங் வகையா? சாதா பீப்பாய் ஸ்விவல் பாரம் ஏறினதும் இறுகிப்போகும், இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு காரணம் பலருக்குத் தோணாது: ரிலீஸ் கிளிப் (நரம்பை டவுன்ரிகர் கேபிளோடு பிடிச்சு, மீன் அடிச்சதும் விடுற கவ்வி) இறுக்கமா இருந்தா, சின்ன மீன் மாட்டினாலும் கிளிப் விடாது. அது ஒரு மணி நேரம் சுழன்றபடி பின்னால் இழுபடும். கம்பு நுனி லேசா துடிக்கிற மாதிரி தெரிஞ்சா எடுத்துப் பாருங்க. கிளிப்பில் மாட்டின பிறகு கம்பு நல்லா வளையும் வரைக்கும் நரம்பைச் சுற்றணும். அப்பதான் மீன் அடிச்சு கிளிப் விட்டதும் கம்பு நிமிர்ந்து தொய்வை வாங்கும்.

ஏறின முறுக்கை எடுக்க: ஸ்பூன், ஸ்விவல் எல்லாம் கழட்டி, வெறும் நரம்பை 300 அடி பின்னால் விட்டு ஐந்து நிமிஷம் மெதுவா ஓட்டுங்க. ஈரத்துணியில் பிடிச்சபடி திரும்பச் சுற்றுங்க. புரொபெல்லர் பக்கம் போகவிடாதீங்க.

ஃப்ளை லீடர் தப்பு. ஃபிளாஷர் சுழலும்போது தரும் உதறல்தான் ஃப்ளைக்கு உயிர். 40 அங்குல மெல்லிய நரம்பு அந்த உதறலை வழியிலேயே தின்னுடும். 8 அங்குல ஃபிளாஷருக்கு 20 முதல் 24 அங்குலம், 50 இறாத்தல் விறைப்பான நரம்பு போடுங்க.

தங்கூசி:
டைவர் இரண்டையும் 0-வில் விட்டால் நேரே பின்னால்தான் இறங்கும், அதாவது கேபிளுக்கு மேலேயே. ஒன்றை இடப்பக்க 3, மற்றதை வலப்பக்க 3 வைத்தால் விலகி ஓடும். 3-இல் ஆழம் குறையும், அதே ஆழத்துக்குக் கூடுதல் நூல் விடவேணும். அளவு பெட்டியில் அச்சிட்ட அட்டவணையில் இருக்கும். டைவருக்குப் பின்னால் லீடர் 6 அடிக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால், டைவர் கம்பு நுனியில் முட்டி நிற்கும்போது மீன் வலைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும்.

திருப்பத்தை அகலமாக எடுங்கோ. உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமாகும். அடி எந்தப் பக்கம் விழுது என்று குறித்து வையுங்கோ. உள்பக்கமென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுது, வெளிப்பக்கமென்றால் கூட்டச் சொல்லுது.

ப்ளஃப்_படகு:
மேற்கே 1.6-இல் கேபிள் 18 பாகை. இரண்டு சினூக், இரண்டும் மேற்கே போகும்போது. முறுக்கு இல்லை. டைவர் சிக்கவில்லை, ஆனால் எடுக்கும்போது கம்பை உதறினாலும் டைவர் டிரிப் ஆகாமல் (பிடி விட்டு மடங்காமல்) பாறைபோல் இழுக்கிறது.

ஈயக்குண்டு:
டிரிப் திருகைக் கால் சுற்று தளர்த்துங்க. ஓடும்போது தானா டிரிப் ஆச்சுன்னா அதில் பாதி திரும்ப இறுக்குங்க. பிரெய்டுக்கு இழுபடும் தன்மை இல்லாததால் டிராகை (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை) கொஞ்சம் தளர்வா வைங்க, இல்லைன்னா முதல் அடியிலேயே லீடர் போயிடும்.