‘மூன்று பருவக் கூடாரம்’ என்ற சொல்லைக் கைவிடலாமா?

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எடை குறைந்த, விலையும் கைக்கெட்டுகிற கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நாம் எழுதவிருக்கும் கையேட்டின் சொற்பட்டியலை நேற்றிரவு படித்து முடித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. ‘திரீ சீசன் டென்ட்’ என்பதற்கு ‘மூன்று பருவக் கூடாரம்’ என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை நம்பிப் பணத்தையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பருவம் நான்கு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்றிலும் உதவும், வெண்பனி கொட்டும் குளிர்காலத்தில் உதவாது என்பதே அந்தப் பெயரின் பொருள். எண்ணிச் சொல்வது மூன்றை என்றாலும் எச்சரிப்பது விடுபட்ட நான்காவதைப் பற்றித்தான். நமக்கோ கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுது ஆறு. இவற்றில் எந்த மூன்று என்று ஒருவர் கேட்டால் கையேடு என்ன விடை சொல்லும்? இது போதாதென்று அடுத்த வரியில் ‘ஃபோர் சீசன்’ என்பதற்குப் ‘பனிக்காலக் கூடாரம்’ என்று இருக்கிறது. நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ள வைக்கிற, விடியலில் புல்நுனியில் நிற்கிற ஈரம். கூரையின் மேல் குவிந்து கம்பிகளை வளைக்கும் வெண்பனியை அந்தச் சொல் நமக்கு நினைவூட்டுவதே இல்லை.

நான் செய்த பிழையும் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன், ஒற்றைத் துணியாலான, ஒரு கிலோவுக்கும் குறைவான கூடாரம் ஒன்றை மலிவாக வாங்கி, மார்கழியில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில் நானும் மகனும் தங்கினோம். உறையில் மூன்று பருவம் என்று இருந்ததால், விலக்கப்பட்ட பருவம் பனிக்காலமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, பனி உள்ளே இறங்கக் கூடாதென்று உச்சியிலிருந்த காற்றுவாயை மூடி, வாசல் ஜிப்பையும் அடிவரை இழுத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் மகன் எழுப்பி, “அப்பா, ஒழுகுது” என்றான். டார்ச் அடித்துப் பார்த்தால் துணியின் உட்புறம் முழுவதும் கடுகு கடுகாக நீர்த்துளிகள். விரல் பட்ட இடத்தில் நான்கைந்து துளிகள் ஒன்றுசேர்ந்து கோடாக வழிந்து தலையணையில் இறங்கின. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் வானம் நிறைய விண்மீன்கள். மறுநாள் கடைக்குப் போய், துணி ஒழுகுகிறது என்று நான் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சு, வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த துணியில் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே என் பரிந்துரை இது. ‘ஃபோர் சீசன்’ வகைக்கு ‘வெண்பனிக் கூடாரம்’ என்று பெயரிடுவோம். தடித்த கம்பிகள், குறைந்த வலைத்துணி, தரைவரை இறங்கும் மேலுறை, அவற்றால் கூடும் எடையும் விலையும் ஆகிய எல்லாம் அந்த ஒரு பயனுக்காகவே வந்தவை. கடலூரில் அதை அடித்துப் படுப்பவர் புழுக்கத்தில் வெந்துபோவார். மற்ற வகைக்கு அடைமொழியே வேண்டாம், வெறும் ‘கூடாரம்’ போதும். தண்ணீர் என்றாலே நமக்குப் போதுமானதாக இருக்கிறது, காய்ச்சினால்தானே ‘சுடு’ என்று முன்னால் ஒட்டுகிறோம்? இங்கு எது இயல்போ அதற்கு அடை தேவையில்லை.

என் இரவைக் கெடுத்த நிகழ்வுக்குப் பட்டியல் ‘ஆவி சுருங்குதல்’ என்கிறது. பள்ளிப் பாடநூல் அப்படித்தான் சொல்கிறது என்பதால் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூடாரம் வாங்குபவர்க்கு ‘உள்வியர்ப்பு’ என்றால் உடனே புரியும். ஒழுக்கு வேறு, வியர்ப்பு வேறு என்று பிரித்தறியவும் உதவும். இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் வலைத்துணியாலான உள்ளறை ஒன்றும், அதைத் தொடாமல் மேலே நிற்கும் நீர்புகா உறை ஒன்றும் இருப்பதால், வியர்க்கும் நீர் நம்மேல் படாமல் உறையின் ஓரமாக இறங்கிவிடும். அந்த உறைக்கு ‘மேற்படங்கு’ என்று சொல்லலாம். தார்ப்பாயை ஈழத்தமிழர் படங்கு என்றே வழங்குகின்றனர். வாசலுக்கு முன்னால் செருப்பும் பையும் வைக்க மேற்படங்கு நீண்டு நிற்கும் இடத்தைத் ‘தாழ்வாரம்’ என்பதைவிட ‘முன்றில்’ என்பதே நன்று. தரையில் அறையும் ஆணிக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, மாடு கட்டும் முளைக்குச்சி இருக்கிறதே.

கூடாரக் கம்பிக்குப் பதிலாக நடைக்கோலையே நட்டு நிறுத்தும் வகைக்கு ‘ஊன்றுகோல் கூடாரம்’ என்ற பரிந்துரையை முழுமனத்துடன் ஏற்கிறேன். குறைந்த விலையில் எடையையும் குறைக்க விரும்புவோர்க்கு இவ்வகையே பெரும்பாலும் பொருந்தும், ஏனெனில் கோல் எப்படியும் கையில் இருப்பது. இது நமக்குப் புதிதுமன்று. முல்லைப்பாட்டின் பாசறையில் மறவர் தம் வில்லையே ஊன்றி, அதில் அம்புக்கூட்டைத் தொங்கவிட்டு, ‘கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை’ (கால் நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டிய இருப்பிடம்) அமைக்கின்றனர். கையில் உள்ள கருவியே தூணாகிறது. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறான ‘கை லைன்’ (guy line) என்பதற்கு ‘இழுகயிறு’ என்று நான் சொல்லத் துணிவதும் இந்த அடியை வைத்துத்தான்.

எடையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எடை பலவேளைகளில் உள்ளறை, மேற்படங்கு, கம்பி ஆகிய மூன்றின் எடை மட்டுமே. முளைக்குச்சி, இழுகயிறு, பை எல்லாம் அதில் சேரா. 1.3 கிலோ என்றிருந்த ஒன்றை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது ஏறத்தாழ 1.6 கிலோ காட்டியது. முதலாவதை ‘நடையெடை’ என்றும், எல்லாம் அடங்கியதைக் ‘கட்டெடை’ என்றும் பிரித்து எழுதினால் வாங்குபவர் இரண்டையும் கேட்டு ஒப்பிடுவார். ‘பேக்பேக்கிங்’ என்பதற்கு ‘முதுகுப்பைப் பயணம்’ என்று படித்ததும் பள்ளிப் பிள்ளைகள்தான் கண்ணில் வந்தார்கள். ‘சுமைநடை’ என்றால் என்ன?

கடைசியாக, துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்று காட்டும் ‘ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட்’ என்ற எண்ணுக்குப் பட்டியல் தரும் ‘நீர்நிலைத் தலை’ வேண்டாம். அங்கே ‘ஹெட்’ என்பது உயரம். நம் ஊர் மோட்டார்க் கடையில்கூட எத்தனை அடி ஹெட் என்றுதான் கேட்கிறார்கள், தலையை யாரும் நினைப்பதில்லை. துணியின் மேல் குழாய் ஒன்றை நிறுத்தி நீரூற்றிக்கொண்டே போனால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் அடிப்புறம் கசியத் தொடங்குகிறதோ அதுவே அந்த எண். ‘நீர்த்தாங்கு உயரம்’ என்று வைக்கலாம்.

அன்புடன்.

புதுச்சேரியிலிருந்து:

ஐயா, வணக்கம்.

உங்கள் மடலில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பருவத்தை விட்டொழிப்பது சரியே. ஆனால் ‘நீர்த்தாங்கு உயரம்’ என்பதில், முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவள் என்ற முறையில் எனக்குத் தடை உண்டு. மழையையும் நாம் மில்லிமீட்டரில்தான் அளக்கிறோம். புதுச்சேரியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 1300 மில்லிமீட்டரை ஒட்டியது. 1500 என்று போட்ட கூடாரத்தைப் பார்த்தவர், ஓராண்டு மழை முழுவதையும் இது தாங்கும் என்று கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அளக்கப்படுவது அழுத்தம், உயரம் அதைக் காட்டும் வழி மட்டுமே. மண்டியிட்டு உட்காரும்போது முழங்கால் தரைத்துணியின்மேல் தரும் அழுத்தம், மழைத்துளி கூரையின்மேல் தருவதைவிட மிகுதி. அதனால்தான் தரைத்துணிக்கு அந்த எண் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறோம். உயரம் என்று பெயர் வைத்தால் இதை எப்படி விளக்குவீர்கள்? ‘நீரழுத்தத் தாங்குதிறன்’ என்று வையுங்கள். சற்று நீளம், ஆனால் பொய் சொல்லாது.

‘முன்றில்’ அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் என் பேரனிடம் கேட்டேன், அவனுக்குப் புரியவில்லை. ‘திண்ணை’ என்றதும் புரிந்துகொண்டான்.

இன்னொன்று. கடற்காற்று படும் நம் வீடுகளில் கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டால், துணியின் உட்புறத்திலுள்ள பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் வெப்பமும் சேர்ந்து சிதைந்து, பிசுபிசுத்துப் பின் செதில் செதிலாக உரிகிறது. மலிவான கூடாரம் ஒன்று என் வீட்டுப் பரணில் அப்படித்தான் போயிற்று. பட்டியலில் இதற்குச் சொல்லே இல்லை.

மீண்டும் கடலூரிலிருந்து:

அம்மா, வணக்கம்.

மழைக்கும் மில்லிமீட்டர்தான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ‘நீர்த்தாங்கு உயரம்’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘நீரழுத்தத் தாங்குதிறன்’ என்றே இருக்கட்டும். முழங்கால் எடுத்துக்காட்டையும் உங்கள் சொற்களிலேயே விளக்கத்தில் சேர்த்துவிடுவோம்.

‘திண்ணை’க்கு மட்டும் இசைய முடியவில்லை. திண்ணை என்பது தரையைவிட உயர்ந்தது, உட்காரத் தகுந்தது. கூடாரத்தின் முன்னிடமோ வெறுந்தரை, அதில் உட்கார்ந்தால் ஈரம் ஒட்டும். புரியாத சொல் ஒருமுறை பழகினால் புரியும். தவறாகப் புரிந்த சொல்லைத் திருத்துவது கடினம் என்பதற்கு அந்த முந்திரித் தோப்பே சான்று. முன்றிலுக்கு ஒரு படம் போட்டு அம்புக்குறி இட்டுவிடுவோம், பேரன் பிடித்துக்கொள்வான்.

பரணில் நடந்ததற்குப் ‘பூச்சுச் சிதைவு’ என்று பெயரிட்டு, ‘நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே மடிக்க’ என்ற குறிப்பையும் அருகில் வைக்கிறேன். ‘டெனியர்’ என்பதற்குக் காரைக்கால் அன்பர் தந்த ‘இழைநிறை’ எனக்குப் பிடித்திருந்தாலும், துணிக் கடையில் எல்லோரும் டெனியர் என்றே சொல்வதால் சொல்லை அப்படியே விட்டு, 9000 மீட்டர் நூலின் கிராம் எடை என்று விளக்கத்தை மட்டும் தமிழில் தந்திருக்கிறேன். திருத்திய பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்குள் வரும்.