பெர்லினுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் முகவரிப் பதிவு, அடுத்தது தபால் பெட்டி

பெர்லினில் ஐடி வேலை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். கடை, ஓட்டல், வீட்டு விளம்பரம் வரை சமாளிக்கலாம். அரசு அலுவலகமும் அங்கிருந்து வரும் கடிதங்களும் மட்டும் ஜெர்மன்தான். அதனால் வந்ததும் முதல் வேலையாக அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவை முடியுங்கள். வரி எண்ணே அதைப் பிடித்துத்தான் வரும்.

குடியேறிய 14 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. நகரத்தின் எந்த ப்யூர்கர்ஆம்ட்டிலும் (மக்கள் சேவை அலுவலகம்) பதியலாம், வீட்டுக்குப் பக்கத்தில்தான் என்றில்லை. கெடுவுக்குள் அங்கே முன்பதிவு நேரம் கிடைக்காவிட்டால், கிடைக்கிற முதல் நேரத்தைப் பிடித்து, உறுதி செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

பாஸ்போர்ட், பூர்த்தி செய்த படிவம் இரண்டோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற சான்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. குடியேறிய தேதியும் குடியிருக்கும் எல்லோர் பெயரும் அந்தச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். 2015 நவம்பரிலிருந்து இதைக் கொடுப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. ஆனாலும் உள்வாடகைக்கு விடுகிற பலர் மறுப்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிப்பார்கள். பெர்லினில் அது வருமான வரியில் 9 சதவீதம். தெரிந்து, மனமொப்பி எழுதினால் சரி. பிறகு திருச்சபையிலிருந்து விலக வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

இனி நம்மவர்கள் அதிகம் மாட்டுகிற இடம். இங்கே முகவரியில் வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டும்தான். எந்தப் பெட்டி என்பதை மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே தபால்காரர் தீர்மானிப்பார். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். ஆகவே பதிவில் உள்ளபடி இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். மனைவியின் குடும்பப் பெயர் வேறாக இருந்தால் (நம்மில் அதுதானே வழக்கம்) அதையும் சேர்த்து ஒட்டுங்கள்.

வரி எண் தபாலில் மட்டும்தான் வரும். அது கிடைக்காமல் மாதங்கள் ஓடினால் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிடுவார்கள், பிடித்தம் எக்கச்சக்கமாக ஏறும். கூடப் பிடித்த தொகை பின்னால் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், கையில் காசு தேவைப்படுகிற நேரத்தில் அது இருக்காது.

வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் தானாக வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் போட்டால் போதும். பதிலே போடாமல் விட்டால் பாக்கியோடு அபராதமும் சேரும்.

அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பிய மஞ்சள் உறைக் கடிதம் வந்தால் உடனே பிரியுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறைமேல் எழுதியிருப்பார். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் கடிதத்தில் உள்ள முடிவை ஆட்சேபிக்கும் கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடும்.