பழைய ஷூர் 55எஸ் மைக்: சத்தம் சரியாக வரவில்லை, கூட்டினால் ஊளை. தலையை மாற்றிவிடலாமா?

வில்லுக்காரன்:
தாத்தா மைக் செட் வைத்திருந்தவர். பரணில் இருந்த அவருடைய பெட்டியில் ஷூர் 55எஸ் ஒன்று கிடைத்தது. விலா எலும்பு மாதிரி கூடு வைத்த வெள்ளி மைக். எல்விஸ் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆவணியில் ஒரு கோயில் கொடைக்கு எங்கள் வில்லுப்பாட்டு இருக்கிறது. இதை வைத்தே பாட ஆசை.

ஊரில் ஒருவரிடம் கொடுத்து கால் அங்குல ஜாக் போட்டு 40 அடி கேபிள் இழுத்து வாங்கினேன். மிக்சரில் லைன் ஓட்டையில் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. ‘ச’வும் ‘ஸ’வும் விழவே இல்லை. கெயினைத் திருப்பினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். மைக்கைத் தொட்டால் அது குறைகிறது. அதற்கு மேல் கூட்டினால் ஊளை. இதில் பெரிய கொடுமை, என் குரலைவிடக் குடம் நன்றாகக் கேட்கிறது. குடமோ மைக்குக்கு முதுகுப்பக்கம், வில்லோடு கட்டியிருக்கிறது.

சால்டர் தூள்:
உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுப் புது டைனமிக் கேப்சூல் (காந்தமும் கம்பிச் சுருளும் வைத்துச் சத்தத்தைப் பிடிக்கிற தலைப்பகுதி) போடுங்கள். வெளியே பழசு, உள்ளே புதுசு. ஒரு மணி நேர வேலை.

மைக்செட் அண்ணாச்சி:
தம்பி, அவசரப்பட்டுத் தலையில் கை வைக்காதீர்கள். அடிப்பாகத்தில் எல், எம், எச் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எதில் நிற்கிறது?

வில்லுக்காரன்:
எச்-இல் நிற்கிறது அண்ணாச்சி.

மைக்செட் அண்ணாச்சி:
அப்போ பாதி நோய் அதுதான். அந்த சுவிட்ச் மைக்கின் இம்பிடன்ஸை, அதாவது மின்தடை அளவை, மாற்றுவது. எச் உங்கள் தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு வைத்தது, பல்லாயிரம் ஓம். அதில் வைத்தால் கேபிள் 20 அடியைத் தாண்டக் கூடாது. நீளம் கூடக் கூட மேல் சுருதியைக் கேபிளே தின்றுவிடும். உங்கள் ‘ச’ போனது அங்கேதான். லைன் ஓட்டையில் மைக் அளவுக்குக் கெயினும் கிடையாது.

சுவிட்சை எம்-க்குத் திருப்புங்கள், 150 முதல் 250 ஓம் வரை. இறுகியிருந்தால் முறுக்காமல் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு மெதுவாக ஆட்டுங்கள். ஜாக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு உள்கம்பியும் அவற்றைச் சுற்றிய ஷீல்டு வலையும் உள்ள கேபிளில் எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் பிளக் போடுங்கள். ஷீல்டு 1-ஆம் பின்னில், இரண்டு கம்பியும் 2, 3-இல். ஷீல்டு மைக் உடம்பையும் தொட வேண்டும். தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றீர்களே, உடம்புக்கு எர்த் வரவில்லை என்று அர்த்தம். முதல் சோதனை வரை அந்த சேனலில், மிக்சர் மைக்குக்கு அனுப்புகிற 48 வோல்ட்டை அணைத்து வையுங்கள். சரியான வயரிங்கில் அது டைனமிக் மைக்கை ஒன்றும் செய்யாது, தப்பான வயரிங்கில் மைக்குக்குள் மின்சாரம் ஓடும்.

இனி குடம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. 1939-இல் பெஞ்சமின் பாவர் வடிவமைத்த முதல் 55-இன் புதுமையே முதுகுச் சத்தத்தை அமுக்குவதுதான். பின்னாலிருந்து வரும் ஒலி டயஃப்ரத்தின் (ஒலிக்கு அதிரும் மெல்லிய தகட்டின்) முன்பக்கம் சுற்றி வருவதற்குள், பின் துளை வழியாகவும் தாமதப்பட்டு அதே நேரத்தில் உள்ளே வந்துசேரும். இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் டயஃப்ரம் அசையாது. துளை அடைத்துவிட்டால் மைக் நாலா பக்கமும் கேட்கும்; குடமும் ஏறும், ஊளையும் வரும். கூட்டைத் திறந்து பாருங்கள். சால்டர் மேசையில் மட்டும் திறக்காதீர்கள், அங்கே கிடக்கிற இரும்புத் துகளையெல்லாம் காந்தம் இழுத்துக்கொள்ளும். பாயில் வெள்ளைத் துணி விரித்துத் திறங்கள். வாயால் ஊதவும் கூடாது.

சால்டர் தூள்:
அண்ணாச்சி, உள்ளே இருக்கிற காயிலே (கம்பிச் சுருளே) அறுந்து போயிருந்தால்?

மைக்செட் அண்ணாச்சி:
போயிருந்தால் குடம் எப்படிக் கேட்கும்? சந்தேகம் என்றால் மல்டிமீட்டரை ஓம்-இல் வைத்துத் தொட்டால் மைக்குக்குள் ‘டிக்’ என்று கேட்கும். ரிப்பன் மைக்கில் மட்டும் இந்த வேலை வேண்டாம், ரிப்பன் கெட்டுவிடும்.

வில்லுக்காரன்:
திறந்தேன். காற்றுச் சத்தத்துக்காக எப்போதோ யாரோ உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறார்கள். அது உளுந்து அரைத்த மாவு மாதிரி பிசுபிசுவென்று கேப்சூலின் பின்பக்கம் முழுக்க அப்பியிருந்தது. செலோடேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு சாயங்காலம் போனது. கூட்டுக்குள் மெல்லிய பட்டுத்துணி மட்டும் ஒட்டினேன்.

சுவிட்ச் எம், புதுக் கேபிள், மைக் ஓட்டை. நேற்று மண்டபத்தில் பார்த்தோம். இரைச்சல் இல்லை. குடம் பாதிக்கும் கீழே போய்விட்டது. குடத்துக்காரருக்குத்தான் வருத்தம், தனக்கு ஒரு மைக் வேண்டும் என்கிறார். ஒன்று மட்டும் பாக்கி: வீசுகோலால் வில்லைத் தட்டும்போது பலகை வழியாக ‘தொம்’ என்று ஏறுகிறது.

மைக்செட் அண்ணாச்சி:
உள்ளே கேப்சூலைத் தாங்கும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். பொருந்துகிற ரப்பர் கிடைக்கும்வரை ஸ்டாண்டுக்குக் கீழே துண்டை நாலாக மடித்து வையுங்கள், மிக்சரில் அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் பொத்தானைப் போடுங்கள். பாடுகிறவர் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் முதுகுக்கு நேராக வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். சால்டர் தூள் சொன்ன புது கேப்சூல் போட்டிருந்தால் அந்தத் துண்டு தேவைப்பட்டிருக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கொடை முடிந்து சாமான் ஏற்றுகிற பையன் எவனாவது திருகிப் பார்ப்பான்.