பையனுக்கு தியாகராஜனா, சிங்காரவேலனா, செழியனா?

தண்டையார்பேட்டை அப்பா:
அடுத்த மாதம் பையனுக்குப் பெயர் வைக்கிறோம். என் அப்பாவுக்கு திருவொற்றியூர் தியாகராஜர் கோயில்தான் எல்லாம், அதனால் தியாகராஜன் என்கிறார். மாமனார் சிங்காரவேலன் என்கிறார். மனைவிக்கு செழியன் பிடித்திருக்கிறது. பழைய பெயர்தான் வேண்டும், ஆனால் பள்ளியில் பிள்ளை கூச்சப்படக் கூடாது. எதை வைக்கலாம்?

காலடிப்பேட்டை அக்கா:
தம்பி, தியாகராஜனே வையுங்கள். கூப்பிட தியாகு. தாத்தா மனசும் நிறையும்.

ராயபுரத்துக்காரன்:
என் ஓட்டு சிங்காரவேலனுக்கு. முருகன் பெயர், அதோடு 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய ம. சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், வட சென்னைப் பிள்ளைக்கு இதைவிடப் பெருமையான பெயர் எனக்குத் தோன்றவில்லை. நீளம் என்று பயப்படாதீங்க, வீட்டில் வேலுதான்.

வியாசர்பாடி டீச்சர்:
செழியனும் பழசுதான் சார், பாண்டியர் பெயர், சங்கப் பாடல்களிலேயே வருகிறது. வகுப்பில் கூப்பிடவும் நன்றாக இருக்கும். ஒன்றுதான், ஆங்கிலத்தில் ழ-வை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், அப்புறம் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் வேறு வேறாக நிற்கும், அதனால் எழுத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அவசரமும் வேண்டாம், பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம்.

தண்டையார்பேட்டை அப்பா:
ரொம்ப நன்றி. எனக்கு சிங்காரவேலன் பக்கம் சாய்கிறது, மனைவியும் வேலு என்றதும் சிரித்துவிட்டாள். அப்பாவிடம் இன்று ராத்திரி பேசுகிறேன்.