ஹைரைடர் ஹைபிரிட்: காத்திருப்பதா, வேறு எஸ்யூவிக்கு மாறுவதா?

கேள்வி: வேளச்சேரி வாசி

டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவும் வண்டியை நகர்த்தக்கூடிய மின் மோட்டார் உள்ள வகை), ஜி வேரியண்ட். முன்பணம் கட்டியாகிவிட்டது. டெலிவரிக்கு ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். இப்போது ஓட்டும் கம்பெனி லீஸ் வண்டியை மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஓட்டம் மாதம் 1,500 கிமீ. மூன்றில் இரண்டு பங்கு வேளச்சேரி – சிறுசேரி நெரிசல், மீதி நெடுஞ்சாலை, இடையிடையே ஏற்காடு. நான்கு பேர். ஆட்டோமேட்டிக் கட்டாயம். ஆன்ரோடு 22 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாற்றாக மனதில் இருப்பவை கிரெட்டா, எலிவேட், குஷாக். எதற்கு மாறலாம்? முன்பணத்தைத் திரும்ப வாங்குவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில் 1: போனட் திறப்பவர்

நீங்கள் வரிசையில் நிற்பது ஹைரைடர் என்ற பெயருக்கா, அந்த இன்ஜினுக்கா? இன்ஜினுக்கு என்றால் கிரெட்டா பக்கம் போவதற்கு முன் மாருதி ஷோரூமுக்குள் ஒருமுறை நுழையுங்கள். கிராண்ட் விட்டாராவில் இருப்பதும் அதே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், அதே மோட்டார், அதே இ-சிவிடி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இரண்டும் சேர்ந்து 116 பிஎஸ் சொச்சம். வீல்பேஸும் அதே 2,600 மிமீ. முகமும் பம்பரும் சீட் துணியும்தான் வேறு. உங்கள் ஜி-க்கு நிகரானது அங்கே ஜீட்டா பிளஸ். 2025 செப்டம்பரில் வந்த மாருதி விக்டோரிஸிலும் இதே ஹைபிரிட் உண்டு. அது கிராண்ட் விட்டாரா விற்கும் நெக்ஸாவில் கிடைக்காது, மாருதியின் இன்னொரு பிரிவான அரீனா ஷோரூம்களில்தான். பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. ஆக ஒரே இன்ஜினுக்கு மூன்று கடைகள், மூன்று தனித்தனி வரிசைகள். ஒன்றில் ஆறு மாதம் என்பதால் மற்றதிலும் ஆறு மாதம் என்று அர்த்தமில்லை.

வாரண்டியில் பயப்பட ஒன்றுமில்லை. மாருதியும் 2024 ஜூலை முதல் 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிமீ தருகிறது. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ.

ஒரு எச்சரிக்கை. "ஹைபிரிட் ரெடி ஸ்டாக் இருக்கு சார்" என்று போன் வந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். மாருதியில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்', டொயோட்டாவில் 'நியோ டிரைவ்' என்று சொல்வது 103 பிஎஸ் மைல்ட் ஹைபிரிட். அது சிக்னலில் இன்ஜினை அணைத்துப் போடும், முடுக்கும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும். தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. கண்டுபிடிக்க எளிய வழி: உள்ளே இவி மோட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் 6 ஸ்பீடு என்று விலைப்பட்டியலில் இருந்தால் அது மைல்ட்.

இன்னொன்று, காத்திருப்பு மாடலுக்கு அல்ல, வேரியண்டுக்கும் நிறத்துக்கும். இரட்டை நிறக் கூரையை விட்டுக்கொடுத்தாலே சில நேரம் ஒன்றிரண்டு மாதம் குறையும். எந்த நிறம் சீக்கிரம் வரும் என்று கேட்காதீர்கள், "இந்த மாத ஒதுக்கீட்டில் என்னென்ன நிறம் வருகிறது" என்று கேளுங்கள். அதற்குத்தான் நேரான பதில் கிடைக்கும்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

நெரிசலில் கிடைக்கக்கூடிய எண்களை வைத்துக் கணக்குப் போடுவோம், புரோஷர் எண் வேண்டாம். ஹைபிரிட் லிட்டருக்கு 20, எலிவேட் ஆட்டோமேட்டிக் (சிவிடி) 12, கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் 14 என்று வையுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50. மாதம் 1,500 கிமீக்கு:

ஹைபிரிட் 75 லிட்டர், சுமார் 7,600 ரூபாய்.
கிரெட்டா டீசல் 107 லிட்டர், சுமார் 9,900.
எலிவேட் 125 லிட்டர், சுமார் 12,600.

ஹைபிரிட்டுக்கும் சாதாரண பெட்ரோலுக்கும் மாதம் 5,000 வித்தியாசம். ஏழு வருஷம் வைத்திருந்தால் 4.2 லட்சம். ஹைபிரிட் வாங்கும்போது 2 லட்சம் கூடப் போனாலும் பாதி மிச்சம். இப்போது உங்கள் பிரச்சினையைத் திருப்பிப் பாருங்கள்: லீஸ் முடிவதற்கும் டெலிவரிக்கும் நடுவே இடைவெளி மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்கு மாதம் 30,000 கொடுத்து வாடகை வண்டி எடுத்தாலும் 90,000. மூன்று மாத அவசரத்துக்காக ஏழு வருஷ எரிபொருள் செலவை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்கு எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாக எடுங்கள். தெரிந்தவரின் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

மாதம் 700, 800 கிமீதான் ஓட்டம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அப்போது எலிவேட்டை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கச் சொல்வேன்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து இந்த அளவு ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம், 1.5 பெட்ரோல் எஸ்யூவிக்கு 45. இப்போது இரண்டுக்கும் 40. ஹைபிரிட்டுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சலுகையும் போய்விட்டது. பழைய வீடியோக்களில் சொல்லும் விலை வித்தியாசத்தை நம்பாதீர்கள். தமிழ்நாட்டுச் சாலை வரி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். வண்டி விலை 19.9 லட்சம் என்றால் வரி 3.58 லட்சம், 20.1 லட்சம் என்றால் 4.02 லட்சம். இருபதாயிரம் விலை கூடினால் வரி மட்டும் 44,000 கூடுகிறது. 22 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் எக்ஸ்ஷோரூம் விலை சுமார் 17.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஆன்ரோடு பட்டியலில் 1 சதவீதம் டிசிஎஸ் (டீலர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை இருக்கும். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பதில் 3: இருபதாவது கொண்டை ஊசி

கணக்கு சரி. ஆனால் ஏற்காட்டை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். சேலத்திலிருந்து மேலே போக ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். நான்கு பேரும் பெட்டிகளும் சேர்ந்து 1,550 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்கவே 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். இந்த ஹைபிரிட்டின் பேட்டரி மொத்தமே முக்கால் யூனிட். நாலைந்து வளைவிலேயே அது தீர்ந்து, மீதி ஏற்றத்தை 92 பிஎஸ் இன்ஜின் கத்திக்கொண்டே இழுக்கும். ஏறாது என்று சொல்லவில்லை. சத்தம் கேட்டு வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். இறங்கும்போதும் இதே கதைதான்: பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும், அதற்குமேல் சார்ஜ் ஏற்றி வேகத்தைக் குறைக்க வழியில்லை. பி மோடில் (இன்ஜின் இழுவையால் வேகத்தைக் குறைக்கும் கியர் நிலை) போட்டு இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது.

டிக்கியையும் திறந்து பார்த்துவிடுங்கள். பேட்டரி அடியில் உட்கார்ந்திருப்பதால் தளம் உயர்ந்திருக்கும். ஹைபிரிட்டில் சுமார் 265 லிட்டர், மைல்டில் 373. எலிவேட் 458, கிரெட்டா 433, குஷாக் 385. இரண்டு பெரிய பெட்டி நிற்கவைத்தால் ஹைபிரிட்டில் மூன்றாவதற்கு இடமில்லை. டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் பெட்டியையே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால் என் தேர்வு கிரெட்டா டீசல், 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச் உராய்வுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்). 116 பிஎஸ், 250 என்எம். மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அதுதான் வசதி. ஒரே நிபந்தனை: டிபிஎஃப், அதாவது டீசல் புகைக்கரி வடிகட்டி. தினமும் ஊர்ந்தே போனால் அதில் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறை இசிஆரிலோ வண்டலூர் தாண்டியோ 20 நிமிடம், 60 கிமீக்கு மேல், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓட்டினால் அது தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பாதியில் இன்ஜினை அணைத்தால் சுத்திகரிப்பும் பாதியில் நிற்கும். விளக்கு எரிந்த பிறகும் ஒரு மாதம் அலட்சியம் செய்தால் சர்வீஸ் சென்டரில் கருவி போட்டு எரிக்க வேண்டி வரும்.

குஷாக் ஓட்ட நன்றாக இருக்கும். உங்கள் தடத்துக்கு 1.0 டார்க் கன்வெர்ட்டரை மட்டும் பாருங்கள். 1.5-இன் டிஎஸ்ஜி, கிரெட்டா டர்போவின் 7 ஸ்பீடு டிசிடி இரண்டும் உலர் கிளட்ச் வைத்த இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் சூடாகும். கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உராய்வதுதான் காரணம். முன்வண்டிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்த்தாமல், ஒரு வண்டி இடைவெளி கிடைத்ததும் மொத்தமாக நகர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். நம் ஊரில் அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ வந்து நிற்கும், அது வேறு.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கிராண்ட் விட்டாரா விசாரித்தேன். வேறு மாவட்ட டீலர் ஒருவரிடம் ஒருவர் ரத்து செய்த ஜீட்டா பிளஸ் ஹைபிரிட் நிற்கிறதாம், மூன்று மாதம் பழைய வண்டி. 60,000 ரூபாய்க்கு ஆக்சசரி வாங்கினால் பத்து நாளில் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில் 4: ஸ்டாக்யார்ட்

எடுக்கலாம், வரிசை தவறாமல் செய்தால். ரத்தான வண்டிதான் காத்திருப்பைக் குறைக்க இருக்கும் நல்ல வழி. தமிழ்நாட்டுக்குள் எந்த மாவட்ட டீலரிடம் வாங்கினாலும் உங்கள் முகவரிக்குரிய ஆர்டிஓவில் பதிவு செய்துகொள்ளலாம்.

முதலில் சேசிஸ் எண்ணை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வண்டிப் படம் மட்டும் அனுப்பினால் போதாது. எண் தராதவரிடம் வண்டி இல்லை என்றே வையுங்கள். அந்த எண்ணுக்கான உற்பத்தி மாதம், வருஷம் இரண்டையும் ஈமெயிலில் வாங்குங்கள். ஆர்சியில் வருஷம் ஒன்று பின்தங்கினால் விற்கும்போது விலை அடிபடும், அதற்கு ஏற்ற தள்ளுபடியை இப்போதே கேட்க வேண்டும்.

ஆக்சசரி கட்டாயம் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. "கட்டாயம் என்று கொட்டேஷனில் எழுதித் தாருங்கள்" என்றால் பெரும்பாலும் தொகை இறங்கிவிடும். மேட், மட்ஃபிளாப் என்று உண்மையில் வேண்டியதற்கு 10,000 வரை ஒத்துக்கொண்டு முடியுங்கள். இன்சூரன்ஸையும் டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியில் இரண்டு மேற்கோள் வாங்கி வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது நேரில் பார்ப்பது. பதிவுக்கு முன் பாருங்கள். பதிவாகிவிட்டால் அது உங்கள் வண்டி, மறுக்க முடியாது. பகல் வெளிச்சத்தில், கழுவிய வண்டியில் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3525 என்றால் 2025-இன் 35-வது வாரம். நான்கு டயரும் நெருங்கிய வாரங்களாக இருக்க வேண்டும். ஓடோமீட்டர் நூறைத் தாண்டியிருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு ஓடியிருக்கலாம், காரணம் கேளுங்கள். பெயிண்டில் கதவு ஓரங்களையும் போனட் போல்ட் தலைகளையும் பாருங்கள். போல்ட்டில் சாவி போட்ட தடம் இருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். போனட்டுக்குள் எலிப் புழுக்கை, கடித்த ஒயர் உறை இருக்கிறதா பாருங்கள். யார்டில் நிற்கும் வண்டியின் பெரிய எதிரி எலிதான்.

ஹைபிரிட்டில் கூடுதலாக ஒன்று. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும், வண்டியை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அது பலவீனமாகியிருக்கும். எல்லாம் அணைந்த நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றித் தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள், புதிய பேட்டரி கேளுங்கள். பெரிய பேட்டரி காற்றால் குளிர்வது; காற்று உள்ளே போகும் துளை எங்கே என்று காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். அதை மறைத்து சீட் கவரோ சாமானோ வரக்கூடாது.

பழைய முன்பதிவை இந்த வண்டி கைக்கு வரும்வரை ரத்து செய்ய வேண்டாம். ரத்து செய்யும்போது புக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு ஈமெயில் அனுப்புங்கள், வாய்வார்த்தை கணக்கில் வராது. பிடித்தம் உண்டா என்பது முன்பதிவுப் படிவத்தின் நிபந்தனைகளில் இருக்கும். பணம் வராமல் இழுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வங்கிக் கடன் அனுமதி ஹைரைடர் பெயரில் வாங்கியிருந்தால் அது இதற்குச் செல்லாது. புதிய புரோஃபார்மா (டீலர் தரும் விலைச் சீட்டு) கொடுத்து மாற்ற வேண்டும், நாலைந்து வேலை நாள் போகும். சேசிஸ் எண் ஒதுக்கி, நீங்கள் வண்டியைப் பார்த்த பிறகுதான் வங்கி பணத்தை விடுவிக்கட்டும். முன்னாலேயே விட்டால் வண்டி இல்லாமலே வட்டி ஓடத் தொடங்கும்.

பதில் 5: போனட் திறப்பவர்

மேலே சொன்னதோடு ஒன்று. இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், ஃபார்ம் 22 (வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்று) மூன்றிலும் சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பதிவு நின்றுவிடும், பத்து நாள் என்றது ஒரு மாதமாகும்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். யார்டுக்கு வரும் வண்டிகளில் காற்று வழக்கத்தைவிட அதிகமாக அடித்திருப்பார்கள், அப்படியே கொடுத்துவிடுவதும் உண்டு. ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள்.