புதுப்பிப்பு: நெல் உலர்த்தியின் வெப்பநிலை அளவீடு துள்ளிய பிரச்சினை தீர்ந்தது

சம்மாந்துறையில் எங்கள் நெல் ஆலையின் உலர்த்தியில் கே வகை தெர்மோகப்பிள் (சூட்டுக்கேற்பச் சிறு மின்னழுத்தம் தரும், இரண்டு உலோக வயர் கொண்ட உணரி) பொருத்தினால், அளவீடு நிலையில்லாமல் துள்ளுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

முதல் தவறு, அதன் வயரை ஆர்டுயினோவில் (சிறிய கட்டுப்பாட்டுக் கணினிப் பலகை) நேரடியாகக் கொடுத்தது. ஆர்டுயினோவின் 10 பிட், 5 வோல்ட் உள்ளீட்டில் ஒரு படி, அதாவது அது பிரித்தறியும் மிகச் சிறிய மாற்றம், கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். தெர்மோகப்பிள் ஒரு பாகைக்குத் தருவதோ 41 மைக்ரோவோல்ட் அளவுதான். அதாவது 100 பாகை ஏறினாலும் ஒரு படி முழுதாக நகராது! அதனால் மின்னழுத்தத்தை இன்னும் நுணுக்கமாக எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சிப் வாங்கினேன். ±0.256 வோல்ட் வீச்சில் அதன் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட்.

அப்போதும் துள்ளியது. தெர்மோகப்பிளின் இரண்டு வயரும் மின்வழங்கலோடோ கிரவுண்டோடோ (சுற்றின் பூச்சிய வோல்ட் புள்ளி) சேராமல் மிதந்ததுதான் காரணம். ஒன்றை 1 மெகாஓம் தடையால் மின்வழங்கலுக்கும் மற்றதை இன்னொரு 1 மெகாஓம் தடையால் கிரவுண்டுக்கும் கட்டியதும் அடங்கிவிட்டது. மோட்டரில் இருந்து வந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு வயரை முறுக்கி, அதன் ஒரு முழுச் சுழற்சியான 20 மில்லிசெக்கனுக்குச் சராசரி எடுக்கிறேன்.

அப்புறம், தெர்மோகப்பிள் காட்டுவது இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைத்தான்; அதனால் வயர் சிப்போடு சேரும் இணைப்பு முனையின் வெப்பநிலையைத் தனியாக அளந்து கூட்ட மறக்காதீர்கள். நம்ம ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது நிறையவே மாறும்.